கருப்பட்டியிலும் கலோரி உண்டு

கருப்பட்டிக் காப்பி குடித்தால் கலோரியே சேராது என்று ஒரு அண்ணன் எழுதியதைப் பலரும் பகிர்கிறார்கள். அது சரியில்லை அண்ணே. கருப்பட்டிக்காகப் பதநீரைக் காய்ச்சும்போது தண்ணீர்தான் ஆவியாகிறது, இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற சர்க்கரைப் பொருள். வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதுவே. 100 கிராம் சர்க்கரையில் ஏறக்குறைய 400 கலோரி என்றால் கருப்பட்டியில் 350-ஐ ஒட்டி வரும். கொஞ்சம் ஈரப்பதமும் தாது உப்பும் இருப்பதால்தான் அந்த வித்தியாசம். சாயல்குடிக் கருப்பட்டியின் மணம் எனக்கும் உயிர்தான், அது வேறு விஷயம்.

பாக்கெட்டில் விற்கும் கருப்பட்டியின் ஊட்டச்சத்து அட்டவணையைப் பாருங்கள். கார்போஹைட்ரேட் எத்தனை கிராமோ அதை 4-ஆல் பெருக்கினால் கலோரி கிடைத்துவிடும். ஓலைக்கொட்டானில் வாங்குவதற்கும் இதே கணக்குத்தான். அப்புறம், காப்பியில் போடும் துண்டைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்: 20 கிராம் இருந்தால் சுமார் 70 கலோரி.