57 பேரில் ஒருவர் கேட்டால் போதும்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர். ஆக 57 பேர் டெல்லிக்கு வந்து போகிறார்கள். இவர்களில் ஒரே ஒருவர் சபையில் எழுந்து, குழந்தைகள் நேரடியாகப் புகார் கொடுக்க வழிசெய்யும் ஐ.நா. நெறிமுறையில் இந்தியா எப்போது கையெழுத்துப் போடும் என்று கேட்க வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான். "வேற வேலை இல்லையா" என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டே மேலே படிக்கலாம்.

விஷயம் இதுதான். குழந்தை உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கை 1989-ல் வந்தது. 1992 டிசம்பரில் இந்தியா அதில் சேர்ந்தது. படிப்பு, மருத்துவம், தலைக்கு மேல் கூரை, தன்னைப் பற்றிய முடிவில் தன் பேச்சும் காதில் விழுவது என எல்லாவற்றையும் உரிமை என்று ஒப்புக்கொண்டோம். சரி, அரசாங்கமே அதை மீறினால் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? அதற்கான வழி 2011 டிசம்பரில்தான் பிறந்தது, மூன்றாவது விருப்ப நெறிமுறை என்ற பெயரில். உடன்படிக்கையோடு ஒட்டிய துணை ஒப்பந்தம் இது, விரும்பும் நாடுகள் மட்டும் சேரலாம். பத்து நாடுகள் ஏற்றுக்கொண்ட பிறகு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதில் சேர்ந்த நாட்டுப் பிள்ளை, உள்ளூரில் எல்லாக் கதவையும் தட்டி ஓய்ந்த பிறகு, ஜெனீவாவில் கூடும் 18 நிபுணர்கள் குழுவுக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. நிலைமை அவசரமென்றால் விசாரணை முடியும்வரை பிள்ளைக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொள் என்று குழு அந்த நாட்டைக் கேட்கும். நாடு ஆறு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும்.

தாய்லாந்து 2012-லேயே சேர்ந்துவிட்டது. நாம் கையெழுத்தே போடவில்லை.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. 2019 செப்டம்பரில் கிரேட்டா துன்பெர்க் உட்பட 16 பிள்ளைகள் பருவநிலை விஷயத்தில் இந்தக் குழுவிடம் புகார் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஹரித்வாரைச் சேர்ந்த ரிதிமா பாண்டே. புகார் அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி மேல். நம் ஊர்ப் பிள்ளை பிரான்ஸ் மேல் புகார் கொடுக்கலாம், சொந்த நாட்டின் மேல் முடியாது! 2021-ல் குழு புகாரை ஏற்க மறுத்தது. அந்தந்த நாட்டு நீதிமன்றங்களுக்கு முதலில் போகவில்லை என்பது காரணம். ரிதிமாவோ 2017-லேயே இந்திய அரசுக்கு எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனவர். அவர் படியேறிய நாட்டின் மேல் ஜெனீவாவில் புகார் சொல்ல வழியில்லை. வழியிருந்த நாடுகளில் அவர் படியேறவில்லை.

டெல்லியில் உட்கார்ந்து இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஜங்புராவால். 2025 ஜூன் 1 அன்று டெல்லியின் அந்தப் பகுதியில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. பாராபுலா நாலா என்ற வடிகால் கால்வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, மழைக்கு வெள்ளம் வருகிறது என்று உயர் நீதிமன்ற உத்தரவு. 370 வீடுகள். 189 குடும்பங்களுக்கு டெல்லியின் வடக்கு ஓரத்தில் இருக்கும் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்றார்கள். மீதிப் பேருக்கு இல்லை. நாலாவைத் தூர்வார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடம் திறக்கிற ஒரு நகரத்தில், இடிக்கும் நாளைக் குறித்தவர்கள் யாரும் பள்ளி நாட்காட்டியையும் சேர்த்துப் புரட்டியதாகத் தெரியவில்லை.

நரேலாவுக்குப் போன குடும்பம் ஒன்றில் ஒன்பதாவது படிக்கும் பெண் இருக்கிறாள். லோதி எஸ்டேட்டில் இருக்கும் தமிழ்ப் பள்ளியை விட மாட்டேன் என்று பிடிவாதம். விடியும் முன்னே கிளம்பி பஸ்ஸில் சமய்பூர் பாத்லி, அங்கிருந்து மஞ்சள் லைன் மெட்ரோவில் ஜோர் பாக், அப்புறம் நடை. மெட்ரோவில் கம்பியில் சாய்ந்து நின்றபடியே தமிழ் நோட்டில் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். வரிகள் திடீரென்று கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தன. "இங்கெல்லாம் ஸ்டேஷன் வந்துச்சு அங்கிள்" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

அவள் பாக்கியசாலி, வீடு கிடைத்த பட்டியலில் வந்தவள். அவள் வகுப்புப் பையன் ஒருவனின் குடும்பம் தகுதிப் பட்டியலில் இல்லை. அப்பாவின் காகிதத்தில் ஏதோ ஓர் ஆண்டு பொருந்தவில்லை. பையனின் பெயர் முதல் வகுப்பிலிருந்து ஒரே பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை யாரும் கேட்கவில்லை. கணக்கெடுப்பில் குழந்தை என்று தனியாக ஓர் ஆளே கிடையாது, அப்பாவின் ரேஷன் கார்டில் ஒரு வரி. சொந்த ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு சொன்னது. நல்ல மனசுதான். ஆனால் நிஜாமுதீன் மேம்பாலத்துக்குக் கீழே கிரிக்கெட் ஆடி வளர்ந்த பையனுக்கு விழுப்புரம் எப்படிச் சொந்த ஊராகும்?

மொராக்கோவை ஒட்டி இருக்கும் ஸ்பெயின் நகரமான மெலில்லாவில் இப்படி ஒரு பையன் இருந்தான். அங்கேயே பிறந்து வளர்ந்த மொராக்கோ நாட்டுக் குழந்தை. சட்டப்படி அங்கே வசிப்பதற்கான காகிதம் இல்லை என்று பள்ளியில் சேர்க்கவில்லை. வழக்கு ஜெனீவா குழுவுக்குப் போனது. பையனை உடனே பள்ளியில் சேருங்கள் என்று குழு கேட்டும் ஸ்பெயின் இழுத்தடித்து, அப்புறம்தான் சேர்த்தது. அவன் கல்வி உரிமை மீறப்பட்டது என்று 2021-ல் குழு முடிவு சொன்னது. காகிதம் இல்லாதது பெற்றோரின் சிக்கல், படிப்பு பிள்ளையின் உரிமை. இரண்டையும் பிரித்துப் பார்க்க அங்கே ஓர் இடம் இருந்தது.

டெல்லி முருகன் கோயிலான மலை மந்திர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இதைச் சொன்னபோது, மத்திய செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் கேட்டார்: "நம்ம வீட்டுச் சண்டைய வெளியூர்ப் பஞ்சாயத்துக்குக் கொண்டு போறதா தம்பி?"

நாம் ஏற்கெனவே கொண்டுபோய்க்கொண்டுதானே சார் இருக்கிறோம். 2014 ஜூனில் இதே குழு முன்னால் இந்திய அரசின் குழு உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தது. அரசு தன் பக்கத்தைச் சொல்ல ஜெனீவா வேண்டும், பிள்ளை தன் பக்கத்தைச் சொல்ல மட்டும் ஜெனீவா அந்நியமா?

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. இந்தக் குழு சொல்வது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. முடிவு வர வருடங்கள் ஆகும், அதற்குள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும். உண்மைதான். இன்றைக்கே கையெழுத்துப் போட்டாலும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு மணி நேரத் தூக்கம்கூட மிச்சமாகாது.

எனக்கு வேண்டியது ஜெனீவாவின் தீர்ப்பு இல்லை. உள்நாட்டு வழிகள் தீர்ந்திருக்க வேண்டும் என்கிற அந்த நிபந்தனைதான். நெறிமுறையில் சேர்ந்தபின் ஒரு புகார் போனால் அரசாங்கம் முதலில் சொல்லப்போகிற பதில் என்ன? "எங்கள் ஊரிலேயே ஆணையம் இருக்கிறதே, அங்கே போயிருக்கலாமே" என்பதுதான். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் ஆணையத்தில் ஆள் இருக்க வேண்டும். குழந்தை உரிமை ஆணையங்களுக்கான சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. ஆனால் இதே டெல்லியில் 2023 ஜூலையில் பதவிக்காலம் முடிந்தபின், மாநில ஆணையத்தின் நாற்காலிகள் நெடுங்காலம் காலியாகவே கிடந்தன. உள்ளூர் வழி வேலை செய்யவில்லை, இழுத்துக்கொண்டே போகிறது என்றால் அதைக் கடந்தே வரலாம் என்று நெறிமுறை சொல்கிறது. ஆகவே நாற்காலி காலியாகக் கிடப்பது அரசுக்கே பாதகமாகிவிடும்.

இதற்கு எதற்கு எம்.பி. என்றால், ஒப்பந்தத்தில் சேர்வது நம் நாட்டில் மத்திய அரசின் முடிவு. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு தேவையில்லை. யாரும் கேட்காவிட்டால் கோப்பு நகராது. அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா வழியும் இருக்கிறது, ஆனால் 1970-க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாகூட சட்டமானதில்லை. அது விவாதத்துக்கு வருவது வெள்ளிக்கிழமை பிற்பகலில். (அந்த நேரத்தில் பாதி உறுப்பினர்கள் ஊருக்கு விமானம் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். எல்லோரையும் சொல்லவில்லை.) இருந்தும் 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது கரையேறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அரசால் சும்மா இருக்க முடியவில்லை, தன் பங்குக்கு ஒரு மசோதா கொண்டுவந்து 2019-ல் சட்டமாக்கியது. அந்தச் சட்டம் நீர்த்துப்போனது என்று திருநர் சமூகமே திட்டியது, அது தனிக் கதை. ஒரு தமிழ்நாட்டு உறுப்பினரின் பிடிவாதம் அரசை மேசைக்கு இழுத்தது என்பது மட்டும் இங்கே போதும்.

நான் கேட்பது மசோதாகூட இல்லை, ஒரு கேள்வி. மகளிர் மற்றும் குழந்தைகள் நல அமைச்சருக்கு: மூன்றாவது விருப்ப நெறிமுறையில் சேரும் உத்தேசம் அரசுக்கு உண்டா? இல்லையென்றால் காரணம் என்ன? குழந்தை உரிமை ஆணையங்களில் எத்தனை இடங்கள் எந்தத் தேதியிலிருந்து காலி, மாநில வாரியாக? கடைசிப் பகுதியை விட்டுவிடாமல் கேட்க வேண்டும், பதிலில் தேதி அச்சாக வேண்டும் என்பதற்காக.

மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எழுத்துபூர்வ பதில் போதுமென்று கேட்டால் குலுக்கலில் முன்னால் வந்து அவையில் முறை வரவேண்டும் என்ற கவலையும் குறைவு. உங்கள் தொகுதி எம்.பி.யின் உதவியாளர் யாரையாவது தெரிந்தால் மேலே உள்ள பத்தியை அப்படியே அனுப்புங்கள். என் பெயர் வேண்டாம். எந்தக் கட்சி என்பதும் எனக்கு முக்கியமில்லை.