பாஸ்கல் விட்ட பஸ்

(வெளிநாட்டு நகரம் ஒன்றில் ஒரு பஸ் ஸ்டாப். காலை நேரம், நல்ல குளிர். மாணிக்கம் இந்த ஊருக்கு வந்து எட்டு வருடம், கதிர் வந்து மூன்று வாரம். இருவருக்கும் ஒரே அறை. கதிர் எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்பது அவன் மூக்கின் சிவப்பைப் பார்த்தாலே தெரியும்.)

மாணிக்கம்: என்ன தம்பி, ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பினாயே, போகவில்லையா?

கதிர்: போய்க்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணே. இதுவரைக்கும்தான் வந்திருக்கிறேன்.

மாணிக்கம்: பஸ்ஸே வரவில்லையா?

கதிர்: ஒன்று வந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார், நான் டிரைவரைப் பார்த்தேன், போயே போய்விட்டார்.

மாணிக்கம்: கை காட்டினாயா?

கதிர்: ஸ்டாப்பில் நிற்கிறவன் எதற்கு அண்ணே கை காட்ட வேண்டும்? கம்பத்துக்குக் காவல் இருக்கிறேன் என்றா நினைப்பார்?

மாணிக்கம்: இங்கே நான்கு ரூட் பஸ் நிற்கிறது. நீ எதற்கு நிற்கிறாய் என்று அவர் ஜோசியமா பார்ப்பார்? தூரத்தில் நம்பர் தெரிந்ததும் கையை நீட்ட வேண்டும். ஏறிய பிறகும் உன் ஸ்டாப் வருவதற்கு முன்னாலேயே பொத்தானை அழுத்த வேண்டும்.

கதிர்: பொத்தான் கதையைக் கிளறாதீர்கள். முதல் நாள் அது தெரியாமல் "இறங்கணும், இறங்கணும்" என்று தமிழில் கத்தினேன், பின்சீட்டுக் குழந்தை ஒன்று மட்டும் சிரித்தது. மறுநாள் இது வண்டிகள் வலது பக்கம் ஓடுகிற நாடு என்பதை மறந்து, பழக்க தோஷத்தில் எதிர்ப்பக்க ஸ்டாப்பில் நின்று, சரியான நம்பர் பஸ்ஸில் ஏறி, டெப்போவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன்.

மாணிக்கம்: சரி, ஆப்பைப் பார்க்கவில்லையா?

கதிர்: பார்த்தேனே! 5 நிமிடம் என்றது, 3 என்றது, 1 என்றது, அப்புறம் அந்த பஸ்ஸையே காணோம். ரோட்டிலும் இல்லை, ஆப்பிலும் இல்லை.

மாணிக்கம்: அது பேய் பஸ். வண்டியில் இருக்கிற ஜிபிஎஸ் தகவல் அனுப்பினால் ஆப் உண்மையைச் சொல்லும். தகவல் வராவிட்டால் சில ஆப்கள் கால அட்டவணையைப் பார்த்துச் சும்மா எண்ணிக்கொண்டிருக்கும். டிரைவர் லீவு போட்டு வண்டி கிளம்பாமலே இருந்தாலும் அட்டவணையில் பஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கும்?

கதிர்: அப்படியென்றால் அரை மணி நேரமாக நான் நின்றது ஒரு காகிதத்துக்கா?

மாணிக்கம்: இதற்கே அசந்தால் எப்படி? குறித்த பாதையில், குறித்த நேரத்துக்கு, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வண்டி கிளம்ப வேண்டும் என்று 1662இல் பாரிசில் குதிரை வண்டி விட்டவர் யார் தெரியுமா? பாஸ்கல்.

கதிர்: பள்ளிக்கூடத்தில் முக்கோணம் போட வைத்தாரே, அவரா?

மாணிக்கம்: அவரேதான். நிகழ்தகவுக் கணக்குக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர்.

கதிர்: வருமா வராதா என்று கணக்குப் போட்டவரே பஸ்ஸையும் விட்டாரா! அப்புறம் எப்படி அண்ணே இது உருப்படும்? பிறகு என்ன ஆனார்?

மாணிக்கம்: அதே வருடம் இறந்துபோனார்.

கதிர்: பஸ்ஸுக்குக் காத்திருந்தா?

மாணிக்கம்: வாயைக் கழுவு. சரி, மற்ற நாளெல்லாம் எப்படி வருகிறது?

கதிர்: பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று போட்டிருக்கிறது. வருவதோ இருபது நிமிடத்துக்கு இரண்டு, அதுவும் மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிற மாதிரி ஜோடியாக.

மாணிக்கம்: அதற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் போகிற பஸ் சிக்னலில் கொஞ்சம் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்துவிடும். அவர்களை ஏற்றுவதில் இன்னும் தாமதம், அதற்கடுத்த ஸ்டாப்பில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிறவனுக்கு ஏற்ற ஆளே இல்லாததால் அவன் ஓடிவந்து முன்னால் போகிறவனைப் பிடித்துவிடுவான். நியூவெல், பாட்ஸ் என்று இரண்டு பேர் இதை 1964இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

கதிர்: அவர்களும் ஜோடியாகத்தான் வந்திருக்கிறார்கள்.

மாணிக்கம்: கேள். 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வந்தாலும் சராசரி 10தான். அட்டவணை போட்டவன் பொய் சொல்லவில்லை. ஆனால் இருபது நிமிடத்தில் பதினெட்டு நிமிடம் அந்தப் பெரிய இடைவெளியிலேயே போகிறது. நீ பத்து நாள் வந்தால் ஒன்பது நாள் அதில்தான் மாட்டுவாய்.

கதிர்: அந்த ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும், எனக்கு வேலை இருக்காது. அண்ணே, இன்னொரு சந்தேகம். இந்த ஸ்டாப் வழியாக ஒரு ஊருக்கு மட்டும் பஸ் பஸ்ஸாகப் போகிறதே, அது எங்கே இருக்கிறது?

மாணிக்கம்: எந்த ஊர்?

கதிர்: நம்பர் இல்லாமல் பலகை நிறைய நீளமாக ஒரு பெயர் போட்டிருக்கும். உள்ளே ஒரு ஆள் இருக்க மாட்டார், இங்கே நிற்பதும் இல்லை. அந்தப் பக்கம் வீடு பார்த்தால் பஸ் வசதிக்குக் குறைவே இருக்காது என்று அம்மாவிடம்கூடப் போனில் சொல்லிவிட்டேன்.

மாணிக்கம்: அட கடவுளே! அது ஊர் இல்லையடா. "இந்த வண்டி சேவையில் இல்லை" என்று அவர்கள் மொழியில் போட்டிருக்கிறது. டெப்போவுக்குத் திரும்புகிற வண்டி, வேறு ரூட்டைத் தொடங்கக் காலியாகப் போகிற வண்டி, எல்லாம் அதில் சேர்த்தி.

கதிர்: அம்மா தரகரிடம் விசாரிக்கச் சொல்லி, நானும் விசாரித்துவிட்டேன் அண்ணே. அவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று இப்போதுதான் புரிகிறது. அதோ, பஸ்! நம் நம்பர்தான்! இதோ, கை நீட்டிவிட்டேன்!

மாணிக்கம்: கையை இறக்கு, கையை இறக்கு! எப்படி வழிகிறது பார், படி வரைக்கும் ஆள். பின்னாலேயே இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது, தெரிகிறதா? இவ்வளவு நேரம் எதற்குச் சொன்னேன்? கூட்டத்தை முன்னவன் அள்ளிவிடுவான், பின்னவன் காலியாக வருவான். அதில் உட்கார்ந்தே போகலாம்.

(முதல் பஸ் போகிறது.)

கதிர்: அண்ணே, பின்னால் வருகிற பஸ்ஸின் பலகையைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்.

மாணிக்கம்: ...

கதிர்: காலியாகத்தான் போகிறது. உங்கள் கணக்கில் தப்பில்லை.

மாணிக்கம்: பேச்சைக் குறை. ஆப்பில் அடுத்தது எப்போது என்று பார்.

கதிர்: 1 நிமிடம் என்கிறது.

(இருவரும் நடக்கத் தொடங்குகிறார்கள்.)