தலையணைக்கு அடியில் ஒரு கடிதம்

கதையைப் படித்து முடித்ததும் கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரம், களம், முரண், நோக்குநிலை என்று ஆறு கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிற இலக்கிய வகுப்புகள் மேல் எனக்கு ரொம்ப நாளாகக் கோபம். கூறுகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் அவற்றைத்தான் நடத்துகிறேன். ஆனால் ஒவ்வொரு கூறும் ஒரு திருகாணி. திருகிப் பார்த்தால்தான் கதை எங்கே அசைகிறது என்று தெரியும். பெயரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டால் மாணவருக்குப் பெயர்தான் மிஞ்சும்.

வகுப்புக்கு நான் எடுத்துப்போவது இரண்டே வரி. தபால்காரர் ஒரு கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். சிறுமி ஒருத்தி அதை எடுத்து, பிரிக்காமல், தன் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள்.

இதை யார் சொல்வது? சிறுமி சொன்னால் இது ஒரு ரகசியம். தபால்காரர் சொன்னால் அன்றைக்குக் கொடுத்த எத்தனையோ கடிதங்களில் ஒன்று. ஒரு பத்தியைக்கூடத் தாண்டாது. அம்மா சொல்லட்டும் என்று ஒருமுறை விட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேனாவை எடுக்கவில்லை. அம்மாவின் கதையில் கடிதமே கிடையாதே! வாசலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஒருத்தியும், என்றும் இல்லாமல் அன்றைக்கு ஒழுங்காகப் படுக்கையை மடித்துவைக்கும் ஒரு மகளும்தான் இருக்கிறார்கள். தன்மை, படர்க்கை, எல்லாம் அறிந்த கதைசொல்லி என்று வகை பிரித்துப் பலகையில் எழுதியபோது விளங்காதது அப்போது விளங்கியது.

கதைக்கும் கதைப்பின்னலுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் நாவலைப் பற்றிய தன் நூலில் சொன்ன உதாரணத்தைவிடச் சிறந்தது இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் கதை. துக்கத்தால் அரசி இறந்தாள் என்றால் பின்னல். ‘அப்புறம்?’ என்று கேட்பதற்கும் ‘ஏன்?’ என்று கேட்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். நம் சிறுமி ஏன் ஒளித்தாள் என்று கேட்ட உடனே பின்னல் தொடங்கிவிடுகிறது. அதே நூலில் பாத்திரங்களைத் தட்டை (ஒரே குணத்தில் நிற்பவை), முழுமை (பல முகம் காட்டுபவை) என்று அவர் பிரித்ததை வைத்துக்கொண்டு, தட்டைப் பாத்திரம் என்றாலே எழுத்தாளரின் தோல்வி என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. தட்டைப் பாத்திரங்கள் சட்டென்று அடையாளம் தெரிகிறவை, மனதில் நிற்பவை என்றுதான் சொன்னார். நம் தபால்காரர் தட்டையாகவே இருக்கட்டும், அவருக்கு வேலை நிறைய இருக்கிறது.

அப்புறம், கதையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டப் பலகையில் வரைகிற அந்த முக்கோணம். எழுச்சி, உச்சம், வீழ்ச்சி. ஜெர்மன் எழுத்தாளர் குஸ்டாஃப் ஃப்ரைடாக் 1863-இல் அதை வரைந்தது ஐந்து அங்க நாடகங்களை ஆராய்ந்து. மூன்று பக்கச் சிறுகதைக்குள் உச்சத்தைக் காணோம் என்று தேடி அலைவது பாவம், அந்தப் பிள்ளைகள் செய்த குற்றமா?

களம் என்ற கட்டத்தில் ‘ஒரு வீடு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நம் தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்றே பெயரிட்டது. பொழுதை மட்டும் மாற்றிப் பாருங்கள். இதே சம்பவம் கைபேசிக் காலத்தில் நடந்தால் ஒளிக்க என்ன இருக்கிறது? செய்தி நேரே அம்மாவின் திரையில் வந்து விழுந்துவிடும். சிறுமிக்குக் கதையில் இடமே இல்லை. இன்னொன்று. இன்று கருப்பொருள் என்றால் கதையின் மையக் கருத்து என்கிறோம். தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவை. நாம் தேடுகிற மையத்துக்குப் பக்கத்தில் நிற்பது, கூடல், பிரிவு, காத்திருப்பு போன்ற உணர்வுகளைச் சொல்லும் உரிப்பொருள்தான்.

அந்த மையக் கருத்தில்தான் எனக்குப் பழைய காயம் ஒன்று. நான் படித்தபோது ஒரு கதையின் கருவாக ‘காத்திருப்பவர்களுக்கு எல்லாச் சத்தமும் காலடிச் சத்தம்தான்’ என்று எழுதினேன். சிவப்பு மையில் அடித்து, ‘பொறுமை வேண்டும்’ என்று திருத்தித் தந்தார்கள். கரு வேறு, நீதி வேறு. கடிதக் கதைக்கு ‘பிறர் பொருளை எடுக்காதே’ என்று எழுதுகிற மாணவர் இன்றைக்கும் வருகிறார். தப்பு அவருடையது இல்லை, அப்படி எழுதினால்தானே மதிப்பெண் விழுகிறது.

போன முறை இந்தப் பயிற்சி முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “சரி, அந்தக் கடிதத்தில் என்னதான் இருந்தது?” நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து பதில் வந்தது: “யார் சொல்ற கதையில கேக்குற?”