வேகம் குறைந்தாலே டேட்டாபேஸ் மேல்தான் பழியா?

நேற்றும் அதே கதை. பக்கம் திறக்க ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது என்று புகார் வந்ததும், டேட்டாபேஸையே மாற்றிவிடலாம் என்று ஒருவர் ஆரம்பிக்கிறார், கையில் பிஜிபெஞ்ச் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் வேகத்தை அளக்கும் கருவி) தந்த எண்ணோடு. அதை எங்கே எடுத்தார்? தன் லேப்டாப்பில், ஸ்கேல் (சோதனைத் தரவின் அளவு) 1 வைத்து. ஸ்கேல் 1 என்றால் பெரிய அட்டவணையிலேயே வெறும் 1,00,000 வரிசைதான், மொத்தமும் மெமரியில் அடங்கிவிடும், நடுவில் நெட்வொர்க்கே கிடையாது. இதை வைத்தா முடிவெடுப்பது?

இன்னொருவர் நெட்வொர்க் வழியாக எவ்வளவு தரவு போகும் என்று அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டிவிட்டு வருகிறார், வினாடிக்கு 10 ஜிகாபிட் வருகிறதே, நெட்வொர்க்கில் குறையே இல்லை என்று. ஐயா, அது குழாயின் அகலம். நம் குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் ஆப் கேட்கும் கேள்வி, சில நூறு பைட்தான், அது போய்த் திரும்பும் நேரத்தை யார் அளந்தது?

டேட்டாபேஸுக்குள் குவெரி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டுப் பார்த்தேன், குவெரி 0.4 மில்லிசெகண்டில் முடிகிறது. போய்த் திரும்பும் நேரத்தைப் பார்க்க பிங் போட்டேன், 25 மில்லிசெகண்ட்! ஆப் ஒரு ஊரில், டேட்டாபேஸ் வேறு ஊரில். ஒரு பக்கத்துக்கு 40 குவெரி, ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது, ஆக 40 தடவை 25, ஒரு வினாடி வழியிலேயே போய்விட்டது. எந்த டேட்டாபேஸை மாற்றினால் இது குறையும்?

அப்புறம் இந்தச் சராசரி. வேறு புகார்களில் கேட்டால், சராசரி 40 மில்லிசெகண்ட், எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நூறில் ஒரு கோரிக்கை மூன்று வினாடி தொங்கினாலும், மற்றவை 10 மில்லிசெகண்டில் முடிந்தால் சராசரி அப்படித்தான் வரும். அந்த மூன்று வினாடி மாட்டுகிறவர்தானே போன் போட்டுத் திட்டுகிறார்? அந்தப் போனை எடுப்பது நான்தானே?