‘சமத்து, அழவே இல்லை’

போன வருஷம் டெங்கு வந்து என் மூன்று வயது மகள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் ஐசியூவில் நான்கு நாள் கிடந்தாள். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம்தான் உள்ளே விடுவார்கள். முதல் நாள் அவள் கத்தியது வெளியே செருப்பு விடுகிற இடம் வரை கேட்டது. மூன்றாம் நாள் சத்தமே இல்லை. “இப்ப சமத்தாயிட்டாம்மா. நீங்க வந்தாத்தான் அழறா” என்றார் சிஸ்டர். எனக்கும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாகத்தான் இருந்தது. டிஸ்சார்ஜ் அன்று தூக்கப் போனேன். அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் குத்தியிருந்த ஊசிக்குழாய்) எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நோண்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகுதான் ஜேம்ஸ் ராபர்ட்சனைப் பற்றிப் படித்தேன். லண்டனில் டாவிஸ்டாக் என்ற மனநல கிளினிக்கில், மனநல மருத்துவர் ஜான் போல்பியோடு வேலை பார்த்தவர். 1950 வாக்கில் லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரியில் பெற்றோர் பிள்ளையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை 2 மணியிலிருந்து 4 மணி வரைதான் அனுமதி. காரணம் கேட்டால் தொற்று வரும் என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம், அம்மா வந்து போனால் பிள்ளை அழும், வார்டு கெடும்.

ராபர்ட்சன் வார்டிலேயே உட்கார்ந்து கவனித்தார். குழந்தை முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறது. அப்புறம் ஒடுங்கிப் போகிறது. கடைசியில் யாரோடும் சிரிக்கிறது, அம்மா வந்தால் மட்டும் கண்டுகொள்வதில்லை. இந்த இரண்டாவதையும் மூன்றாவதையும்தான் வார்டில் எல்லோரும் ‘பழகிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டார்கள். சொன்னால் டாக்டர்கள் நம்பவில்லை. சினிமா கேமரா பிடித்துப் பழக்கமில்லாத மனிதர், ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு, தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த இரண்டரை வயதுகூட ஆகாத ஒரு சிறுமியை எட்டு நாளும் படம் எடுத்தார். வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி ஒட்டினார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே, அதற்காகச் சுவர்க் கடிகாரமும் படத்தில் தெரிகிறது. அந்தப் பெண் அதிகம் அழக்கூட இல்லை. கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு, அம்மா எங்கே என்று நடுநடுவே கேட்கிறாள். வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடிக்க மறுக்கிறாள்.

1952இல் டாக்டர்கள் கூட்டத்தில் போட்டுக் காட்டியபோது பலருக்கும் கோபம். எங்கள் வார்டில் இப்படி இல்லை என்றார்கள். (எந்த ஊரிலும் முதல் பதில் இதுதான் போல.) ஏழு வருஷம் கழித்து, 1959இல், அரசு அமைத்த பிளாட் கமிட்டியே பெற்றோரைத் தடையில்லாமல் விடுங்கள், சின்னக் குழந்தை என்றால் அம்மாவையும் சேர்த்து அட்மிட் பண்ணுங்கள் என்று எழுதியது. அதுவும் தானாக நடந்துவிடவில்லை. 1961இல் லண்டனின் பேட்டர்சீ பகுதியில் சில அம்மாக்கள் சங்கம் வைத்துப் போராட வேண்டியிருந்தது.

வைத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பிள்ளையைப் பிழைக்க வைத்துக் கொடுத்தார்கள். தொற்று பயமும் பொய்யில்லை. ஆனால் கை கழுவி, கவுன் மாட்டி, மாஸ்க் போட்டுத்தான் அந்தப் பத்து நிமிஷமும் உள்ளே போனேன். அதே கவுனோடு நாலு மணி நேரம் இருந்தால் என்ன கெட்டுவிடும்? என் தங்கை பிள்ளைக்கு நிமோனியா வந்து அரசு ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவள் அதே கட்டிலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தாள். ஜெனரல் வார்டும் ஐசியூவும் ஒன்றில்லைதான். இருந்தாலும் லட்சக்கணக்கில் பில் கட்டிய எனக்கு அது கிடைக்கவில்லை.

அந்த ஐசியூவில் என் மகள் கட்டிலுக்கும் மானிட்டருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட இடம் இருந்தது. நான் பார்த்தேன். அதில் ஃபைல்கள் அடுக்கியிருந்தார்கள்.