வன்னிக்குள் இருப்பவனுக்கு டிக்கெட் பற்றி என்ன தெரியும்?

முந்தாநாள் தொடக்கம் நடக்கும் கூத்து உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒர்லாண்டோ டிஸ்னி வேர்ல்ட் வாசலில், என் தங்கை குடும்பம் மாற்றிக் கொடுத்த டிக்கெட்டோடு போன ஊர் நண்பரின் குடும்பத்தை உள்ளே விடாத அந்தக் காணொளியைப் பார்க்காத ஊர்க்காரர் எவரும் இருக்க மாட்டார்கள். தப்பித் தவறி இருந்தால் எங்கள் சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருப்பார். ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நான் அதற்குக் கீழே எழுதியது ஒரே ஒரு வரி: "பெயர் போட்ட டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தது எங்கள் பிழை, பூங்காவின் பிழை அல்ல." அதற்குத்தான் இவ்வளவு திட்டும். திட்டுகளுக்குள் மிகவும் பிரபலமானது இது: "வன்னிக்குள் இருப்பவருக்கு டிக்கெட் பற்றி என்ன தெரியும், அண்ணை?" நூறு பேருக்கு மேல் அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் நான் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்த்த பிள்ளைகள்.

டிக்கெட் பற்றி எனக்கு என்ன தெரியும்! நல்ல கேள்வி. பதினொரு வருடமாக அரச பஸ்ஸில் நடத்துநராக இருக்கிறேன். கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஒரு நாளைக்கு எத்தனை டிக்கெட் என் கையால் போகிறது என்று கனடாவில் இருப்பவர்கள் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. மீசை அரும்பிய பிள்ளையை மடியில் இருத்தி "இவனுக்கு ஏழு வயது" என்று அரை டிக்கெட் கேட்கும் அம்மாமாரை எனக்குத் தெரியும். நேற்றைய டிக்கெட்டை நான்காக மடித்து, இன்றையது போல முகத்தை வைத்துக்கொண்டு நீட்டும் பெரியவர்களையும் தெரியும். டிக்கெட்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

சரி, விடயத்துக்கு வருகிறேன். கனடாவில் இருக்கும் என் தங்கையும் மைத்துனரும் குடும்பத்தோடு போக நான்கு நாள் டிக்கெட் வாங்கினார்கள். இரண்டு நாள் போனார்கள். சின்னவளுக்கு வயிற்றோட்டம், மற்றவர்களுக்கும் கால் நோவு. மிஞ்சிய இரண்டு நாளையும் ஊர் நண்பரின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். என் மைத்துனர் சும்மா கொடுத்ததாகச் சொல்கிறார். "பெற்றோல் காசு மட்டும் வாங்கினோம், அண்ணா" என்கிறாள் தங்கை. ரொறன்ரோவிலிருந்து ஒர்லாண்டோ இரண்டாயிரம் கிலோமீற்றர் தூரம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பெற்றோல் காசை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் வாசலில் விரல் பொருந்தவில்லை. உள்ளே விடவில்லை. உடனே "நிறவெறி", "தமிழனை அவமானப்படுத்தினார்கள்" என்று காணொளி.

விரல் பொருந்தாமல் போனதற்கு நிறம் என்ன செய்யும்? புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்குப் போனவர்கள் இங்கேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். டிக்கெட்டை இயந்திரத்தில் காட்டி, விரலை வைத்துத்தானே உள்ளே போனீர்கள்? விரல் வைக்க விருப்பமில்லை என்றால் புகைப்படம் உள்ள அடையாள அட்டையைக் காட்டலாம். கலிபோர்னியாவில் வாசலிலேயே படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஏன் இந்த ஏற்பாடு? முதல் நாள் போனவர்தான் அடுத்த நாளும் வருகிறாரா என்று பார்க்கத்தான். வேறொன்றுக்கும் இல்லை. டிக்கெட்டின் நிபந்தனையில் கைமாற்ற முடியாது என்று போட்டிருக்கிறது. பெயர் போட்ட டிக்கெட். பெயர் போட்ட டிக்கெட்டை மாற்றிக் கொடுக்கக் கூடாது. இதை நான் இன்னும் பத்துத் தடவை எழுதுவேன். விருப்பமில்லாதவர்கள் கீழே இறங்கிப் போகலாம், பஸ் நிற்கும்.

"நான்கு நாளுக்குக் காசு கட்டியாயிற்று, யார் போனால் என்ன?" என்று கேட்கிறீர்கள். நான்கு நாளுக்குக் கட்டவில்லை. ஒரு ஆளின் நான்கு நாளுக்குக் கட்டினீர்கள். ஒரு நாள் டிக்கெட்டின் விலையை நான்கால் பெருக்கிப் பாருங்கள், நான்கு நாள் டிக்கெட் அதைவிடக் குறைவாக இருக்கும். நாள் கூடக் கூட ஒரு நாளின் விலை இறங்கும். அது தர்மம் இல்லை, வியாபாரம். மூன்றாம் நாள் வருகிற ஆள் கால் நோவோடு வருவார். பத்து மணிக்கு எழும்பி வந்து, நான்கு இராட்டினத்தில் ஏறிவிட்டு, மூன்று மணிக்கே விடுதிக்குப் போய்விடுவார். புதிதாக ஒருவரை அனுப்பினால் அவருக்கு அதுதான் முதல் நாள். வாசல் திறக்க முன்னரே வந்து நிற்பார். அந்தக் கழிவு விலையை உங்கள் களைப்புக்குத்தான் தந்தார்கள். களைப்பை வைத்துக்கொண்டு கழிவை மட்டும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

எங்கள் பஸ்ஸில் ஓடும் சீசன் டிக்கெட்டும் இதுதான். பாடசாலைப் பிள்ளைக்கு மானிய விலையில் சீசன் கொடுப்பது அந்தப் பிள்ளை போய் வருவதற்கு. அதில் படம் ஒட்டியிருப்பது அழகுக்கு அல்ல. அரச உத்தியோகத்தர் காசு கொடுக்காமல் ரயிலில் போகத் தரும் வாரண்டும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு வாரண்டைக் கொடுத்து யாழ்தேவியில் அனுப்பினால் உத்தியோகத்தர் நாளை விசாரணையில் நிற்பார். அதை நீங்கள் எல்லாரும் "தேவைதான்" என்பீர்கள். ஒர்லாண்டோ என்றவுடன் மட்டும் நியாயம் கடல் கடந்துவிடுகிறது.

"அது கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிற கம்பனி, அதற்காக ஏன் அழுகிறாய்?" இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஸ்காபுரோவில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். நான் போய் இரண்டு பொதி மாவை எடுத்துக்கொண்டு "உன்னிடம்தான் நிறைய இருக்கிறதே" என்று நடந்தால் சிரித்துக்கொண்டு வழியனுப்புவாரா? நான் கம்பனிக்காக அழவில்லை.

ஒருமுறை பயன்படுத்திய, கைமாற்ற முடியாத பல நாள் டிக்கெட்டை வியாபாரமாகக் கைமாற்றுவது புளோரிடாச் சட்டத்திலேயே குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சும்மா கொடுத்தால் அது பொருந்துமா என்று சட்டத்தரணி அண்ணன்மார் விவாதிக்கலாம். பெற்றோல் காசு எந்தப் பக்கம் வரும் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

நோய் வந்து போக முடியாமற் போனால் மிஞ்சிய நாட்களின் காசு வீண்தானே என்று ஒரு வாசகி மரியாதையாகக் கேட்டிருந்தார். அது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அதைப் பூங்காவிடம் கேட்க வேண்டும். இன்னொரு பிள்ளையை வேறு பெயரில் அனுப்பிக் கேட்கக் கூடாது.

அந்தப் பிள்ளை! காணொளியில் அவனை ஒருவரும் பார்க்கவில்லையா? தகப்பன் கையை ஆட்டி ஆங்கிலத்தில் சத்தம் போடுகிறார், பின்னால் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு முதல்நாள் இரவு விடுதியில் என் தங்கை மகனின் பெயரைச் சொல்லிக்கொடுத்துப் பாடமாக்கியிருக்கிறார்கள். பிறந்த தேதி உட்பட. வாசலில் நின்ற பெண் குனிந்து, சிரித்துக்கொண்டுதான் பெயரைக் கேட்டாளாம். இவன் தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு அழத் தொடங்கிவிட்டான். தங்கைதான் சொன்னாள். "அந்தப் பிள்ளை சொதப்பியிராவிட்டால் விட்டிருப்பார்கள், அண்ணா" என்றும் சொன்னாள். சொதப்பினானாம். தன் பெயரைத் தானே சொன்னதற்குப் பெயர் சொதப்பல்.

இனி என்னைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் "நீ மட்டும் யோக்கியனா" என்று எப்படியும் வரும். இரண்டு வருடத்துக்கு முன் கனகராயன்குளத்தில் ஏறிய ஒரு பிள்ளை சீசனை நீட்டினான். படத்தில் இருந்தது அவன் அண்ணன். மூக்கும் காதும் அச்சு ஒன்று, ஆனால் அவன் இல்லை. "அண்ணா இன்றைக்குப் பள்ளிக்கூடம் வரவில்லை, ஐயா" என்றான். நான் இறக்கிவிடவில்லை. என் பையிலிருந்து காசு போட்டு அவனுக்கு டிக்கெட் அடித்துக் கொடுத்தேன். "அப்படியானால் நீயும் விட்டுக்கொடுத்தாய்தானே?" இல்லை. நான் கொடுத்தது காசு. சீசனை அவன் சட்டைப்பைக்குள் வைக்கச் சொன்னேன். கூட்டத்தில் படத்தையே பார்க்காமல் விட்ட நாட்களும் உண்டு, அது வேறு கதை. கூட்டம் என்றால் என்னவென்று பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். நிறுத்த விடாமல் செய்தது நேற்று இரவு மைத்துனரின் நண்பர் எழுதிய பதில். "பாஸ் மாறித்தானே நாங்கள் எல்லாரும் உயிர் தப்பினோம், மச்சான். அப்போது பிழையாகத் தெரியாதது இப்போது ஒரு விளையாட்டுப் பூங்காவுக்குப் பிழையாகத் தெரிகிறதோ?" அதற்கும் நூறு இதயக்குறி.

பாஸ் மாறினோம். உண்மை. உங்களுக்கு அது இப்போது சொல்லிச் சிரிக்கும் கதை ஆகிவிட்டது போலிருக்கிறது. போர்க்காலத்தில் வன்னியிலிருந்து போகவர புலிகள், இராணுவம் என்று இரண்டு பக்கமும் பாஸ் என்ற பயண அனுமதி எடுத்த காலத்தை, பிணை நிற்க ஆள் தேடி அம்மாமார் வீடு வீடாக நடந்த காலத்தை, ஒர்லாண்டோ வாசலுக்குச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கூப்பிட்டபடியால் சொல்கிறேன்.

2001. போரால் மூடிக் கிடந்த, வன்னிக்கு ஊடாகப் போகும் ஏ9 பாதை திறப்பதற்கு முந்தைய வருடம். நாங்கள் மல்லாவியில் இடம்பெயர்ந்து இருந்தோம். அண்ணனுக்கு இடது காதில் சீழ், கேட்பது குறைந்துகொண்டே வந்தது. வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பாஸ் கிடைக்க மாதக்கணக்கு ஆனது. கிடைத்த கிழமை எனக்கு மலேரியா. சாதாரணக் காய்ச்சல் இல்லை, ஆள் தெரியாமல் பிதற்றினேனாம். "அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள், அம்மா. காது எங்கே ஓடிப் போகப் போகிறது" என்று அண்ணன்தான் சொன்னான். அவனுக்குப் பதின்மூன்று, எனக்குப் பதினொன்று. இரவு முழுக்க, எனக்கு அறிவு தெளிந்த நேரமெல்லாம், அம்மா அண்ணனின் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லிச் சொல்லிக் கேட்டார். சோதனைச் சாவடியில் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னேன். நான் சொதப்பவில்லை.

வவுனியாவில் பன்னிரண்டு நாள் அண்ணனாகப் படுத்திருந்தேன். தாதி பெயர் சொல்லிக் கூப்பிடும்போது திரும்ப மறந்துவிடுவேன், "காது கேட்காதா தம்பி?" என்று கேட்பார். அம்மா "ஓம் மிஸ், காதுதான் வருத்தம்" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பார். காதுக்குக் காட்டியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். காது வரவில்லை, காய்ச்சல்தான் வந்திருந்தது.

திரும்பிப் போனபோது "என் பெயரில் எத்தனை ஊசி வாங்கினாய்?" என்று அண்ணன் சிரித்தான். மறு பாஸ் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் பாதை திறந்த பிறகு கொண்டுபோனார்கள். இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்றார்கள். அந்தக் காது கடைசிவரை கேட்கவில்லை. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், நாங்கள் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வெளியே வந்தபோது அவன் எங்களோடு இல்லை. ஷெல் வரும்போது விழுந்து படுக்கச் சொல்வது கண் அல்ல, காது.

இதை ஏன் முகநூலில் எழுதுகிறாய் என்று தங்கைக்குக் கோபம் வரும். பாஸ் மாறிய அந்த வருடம் அவளுக்கு ஐந்து வயது, பாதி அவளுக்கு நினைவிருக்காது. ஆவணப் பையோடு அம்மா காப்பாற்றிக் கொண்டுவந்ததில் அந்த ஆஸ்பத்திரித் துண்டும் இருந்தது. அண்ணனின் பெயரோடு இன்று எங்கள் வீட்டில் மிஞ்சியிருக்கும் காகிதம் அது ஒன்றுதான். அதில் எழுதியிருக்கும் காய்ச்சல் என்னுடையது.

ஆகவே மச்சான், பாஸ் மாறுவது பிழையாகத் தெரியாத ஆள் என்று என்னைச் சொல்லாதீர்கள். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு வழி இருந்தது. புது டிக்கெட் வாங்கலாம், வாங்க முடியாவிட்டால் கடற்கரைக்குப் போகலாம். புளோரிடாவில் கடலுக்கு வாசலில் விரல் கேட்க மாட்டார்கள்.

பெயர் போட்ட டிக்கெட்டை மாற்றிக் கொடுக்கக் கூடாது. நண்பராக எடுப்பவர்கள் எடுங்கள், நீக்குபவர்கள் நீக்குங்கள். இந்த இரண்டு நாளில் அந்தப் பிள்ளையோடு யாராவது கதைத்தீர்களா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். காணொளியை எடுத்தாவது விடுங்கள், அவன் பள்ளிக்கூடத்தில் யாராவது பார்ப்பார்கள்.

காலை 4.45 பஸ் எனக்கு. எழுத வேண்டியதை எழுதி வையுங்கள். முறிகண்டியில் நிறுத்தும்போது வாசிக்கிறேன்.