கோயிலின் கோப்பும் திருச்சபையின் கோப்பும்

ஒரு மத அமைப்பைப் பற்றி அரசு வைத்திருக்கும் ஆவணங்களைச் சட்டப்படி கேட்டு வாங்குவது அந்த மதத்தைத் தாக்குவதாகும் என்று டர்பனில் நம்மவர் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த எண்ணம் எல்லா மதத்துக்கும் சமமாக வருவதில்லை. ஒரு பெந்தகொஸ்தே சபையின் கணக்கு வழக்கை யாராவது கேட்டால் கைதட்டி வரவேற்கிறவர்களே, தங்கள் வட்டாரத்து மாரியம்மன் கோயிலைப் பற்றிய கோப்பை ஒருவர் கேட்டார் என்றதும், அம்மன் சொத்தில் கை வைக்கப் பார்க்கிறான் என்று கொதிக்கிறார்கள். இரண்டும் ஒரே உரிமை. ஒன்றை ஏற்றுக்கொண்டால் மற்றதையும் ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்பது என் கருத்து.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு, அரசிடம் இருக்கும் எந்தத் தகவலையும் பெறும் உரிமையை அனைவருக்கும் அளிக்கிறது. அதற்கு வழிசெய்ய 2000ஆம் ஆண்டின் 2ஆம் எண் சட்டமான தகவல் பெறும் சட்டம் வந்தது. அரசு அலுவலகத்திடம் கேட்பவர் ஏன் கேட்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய உரிமை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்று அச்சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 30 நாளில் முடிவு தெரிவிக்க வேண்டும். தேவையானால் இன்னொரு 30 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்குள் பதில் வரவில்லையென்றால் மறுத்துவிட்டதாகவே சட்டம் கொள்ளும். ஆகவே பதிலில்லாத மௌனத்தைக் கண்டு சோர்ந்துபோக வேண்டியதில்லை. மேல்முறையீட்டுக்கு அந்த மௌனமே போதும். அரசுத் துறையோ மாநகராட்சியோ மறுத்தால் 60 நாளுக்குள் அந்த அமைப்புக்குள்ளேயே மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகு, 2021 நடுப்பகுதியிலிருந்து இந்தப் பொறுப்பை ஏற்றிருக்கும் தகவல் ஒழுங்குமுறை அமைப்பிடம் புகார் செய்யலாம். அதற்கும் அப்பால் நீதிமன்றம் இருக்கிறது.

இந்த நாட்டில் அரசு மத அமைப்புகளைக் கவனித்துக் கோப்பு திறந்த வரலாறு நீண்டது, கசப்பானதும்கூட. 1981இல் நிறவெறி அரசு எலாஃப் ஆணையத்தை அமைத்துத் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் பேரவையின் வரவு செலவையும் நடவடிக்கைகளையும் துருவ வைத்தது. அப்போது அப்பேரவையின் பொதுச் செயலாளராக இருந்த டெஸ்மண்ட் டூட்டு 1982இல் அந்த ஆணையத்தின் முன் நின்று சாட்சியம் சொன்னார். கணக்கைப் பார்க்கிறோம் என்ற பெயரில் ஒரு நம்பிக்கைச் சமூகத்தின் கழுத்தை நெரிக்க முடியும் என்பதை அந்தத் தலைமுறை நேரில் கண்டது. பின்னர் 1993இல், ஆட்சி கைமாறப் போகிறது என்று தெரிந்த வேளையில், தேசிய உளவுத்துறை சுமார் 44 டன் ஆவணங்களைச் சில மாதங்களுக்குள் எரித்துத் தள்ளியதை, நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. யார் யாரைப் பற்றி என்ன எழுதி வைத்திருந்தார்கள் என்பது அந்த உலையோடு போயிற்று. மத அமைப்பைப் பற்றிய கோப்பைக் கேட்பதில், அந்த அமைப்பு என்ன செய்தது என்பதைவிட அரசு அதனிடம் எப்படி நடந்துகொண்டது என்பதை அறிவதே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

ஜனநாயக அரசும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. போதகர் ஒருவர் தம் சபையாரைப் புல் தின்ன வைத்த படங்கள் 2014இல் உலகெங்கும் பரவியதற்குப் பிறகு, பண்பாட்டு, மத, மொழிச் சமூகங்களின் உரிமைகளுக்கான ஆணையம், சுருக்கமாகச் சிஆர்எல் ஆணையம், மதம் வணிகமாவதைப் பற்றி 2015இல் விசாரணை தொடங்கியது. மதத் தலைவர்களை அழைத்து, பதிவுச் சான்று முதல் வங்கிக் கணக்கு வரை கேட்டது. மத போதகர்களுக்கு உரிமம் போன்ற ஓர் ஏற்பாடு வேண்டும் என்ற அதன் பரிந்துரையை நாடாளுமன்றக் குழு ஏற்கவில்லை. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எனினும் அந்த விசாரணையில் சேர்ந்த தாள்கள் பொது அமைப்பு ஒன்றின் ஆவணங்களே. அவற்றில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதைச் சட்டப்படி தீர்மானிக்க வேண்டுமே தவிர, மதம் என்ற சொல்லைச் சொல்லிக் கதவைச் சாத்திவிட முடியாது.

காட்டக்கூடாதது என ஒன்று நிச்சயமாக உண்டு. ஒருவருடைய மத நம்பிக்கையைத் தனிச்சிறப்பான பாதுகாப்புக்குரிய தகவலாகத் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் வகைப்படுத்துகிறது. தகவல் பெறும் சட்டமோ மூன்றாம் நபரின் அந்தரங்கத்தை, இறந்தவருடையதைக்கூட, காக்கச் சொல்கிறது. நம் குடும்பங்களை வைத்துப் பார்த்தாலே இதன் காரணம் விளங்கும். டர்பனில் நம்மவர் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அண்ணன் தைப்பூசக் காவடி எடுப்பார், தம்பி ஞாயிறு ஆராதனைக்குப் போவார், இருவரும் அம்மாவின் திதிக்கு ஒரே மேசையில் உட்காருவார்கள். எந்தச் சபையில் யார் யார் சேர்ந்தார்கள், யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார்கள் என்று பெயர்ப் பட்டியல் கேட்பவர், வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் வம்பைத்தான் கேட்கிறார். அமைப்பின் கோப்பைக் கேட்கலாம். அடியாரின் கோப்பைக் கேட்கலாகாது. இரண்டும் ஒரே தாளில் கலந்திருந்தால், மறைக்க வேண்டிய பகுதியை மறைத்து மீதியைத் தரும் கடமை அலுவலருக்கு உண்டு. பெயர்கள் இருக்கின்றன என்பதற்காக முழுக் கோப்பையும் மறுப்பது சரியாகாது.

நம் கோயில் கமிட்டிகளுக்கு வருகிறேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கு எங்கே என்று ஒருவர் எழுந்து கேட்பதும், நாற்காலிகள் நகர்வதும், கடைசியில் வழக்கறிஞர் கடிதம் வருவதும் இங்கே புதிதல்ல. 1997ஆம் ஆண்டின் இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொண்ட கோயில், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் நடவடிக்கை அறிக்கையையும் கணக்கறிக்கையையும் சமூக மேம்பாட்டுத் துறையின் இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். அவர் பாதுகாத்து வைக்கும் அந்த ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையைப் பொதுமக்களுக்கு அதே சட்டம் தருகிறது. அதாவது, கூட்டத்தில் தொண்டை வறளக் கத்துவதற்கு முன், பிரிட்டோரியாவில் இருக்கும் கோப்பைப் பார்த்துவிடலாம். அறிக்கையே அனுப்பப்படவில்லை என்று தெரிய வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். பதிவு செய்யாத கோயிலிடம் நேரடியாகக் கேட்பது சற்றுக் கடினம். தனியார் அமைப்பிடம் கேட்கும்போது, தன்னுடைய ஓர் உரிமையைக் காக்க அந்த ஆவணம் தேவை என்று காட்ட வேண்டும்.

கணக்கைவிட நிலம் பெரிய விஷயம். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நம் மக்கள் பெயர்க்கப்பட்டபோது வீடுகள் இடிந்தன. சில கோயில்கள் மட்டும் பக்தர்கள் இல்லாத நிலத்தில் தனித்து நின்றன. எந்த நிலம் யார் பெயரில் இருந்தது, எந்த ஆணையால் எடுக்கப்பட்டது, இழப்பீடு என்ன என்பதெல்லாம் எங்கோ ஓர் அரசுத் தாளில் எழுதப்பட்டிருக்கும். கோயில் நிலம் பற்றிய எல்லா ஆவணமும் என்று கேட்டால், தேடுவதற்கே தங்கள் ஆட்கள் போதாது என்று சொல்லி மறுக்க அலுவலகத்துக்கு வழி கிடைத்துவிடும். மனை எண், ஆண்டு வரம்பு, துறையின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். உரிமைப் பத்திரத்துக்குப் பீட்டர்மரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகம் உண்டு. 20 ஆண்டு கடந்து ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டவற்றைப் பெரும்பாலும் நேரில் சென்றே பார்க்கலாம். அதற்கு இந்த மனுவே தேவைப்படாது. மனுவை எழுதத் தெரியாத முதியவருக்கு உதவும் கடமையையும் சட்டம் தகவல் அலுவலர் மேல் வைத்திருக்கிறது. ஒரு கவுன்ட்டரில் அதை நான் நினைவூட்டியபோது கிடைத்த பார்வையைப் பற்றி இங்கே எழுதாமல் விடுகிறேன்.

ரகசியமாகக் கேட்டுவிடலாம் என்று மட்டும் யாரும் கணக்குப் போட வேண்டாம். கேட்கப்படும் ஆவணத்தில் ஓர் அமைப்பின் வணிக விவரமோ, அது நம்பிக்கையின்பேரில் அரசிடம் ஒப்படைத்த தகவலோ இருக்கக்கூடும் என்றால், மனு வந்த 21 நாளுக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவித்து அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. ஆதலால் மனுவின் நகலைக் கமிட்டித் தலைவரிடம் முதலிலேயே கொடுத்துவிடுவது நல்லது. அலுவலகம் சொல்லி அவர் தெரிந்துகொள்வதைவிட, கேட்டவரே சொல்லித் தெரிந்துகொண்டால் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு சண்டையாவது குறையும்.